தடியும் துப்பாக்கியும் சட்டமும்



போலீசாருக்கு மலாய் மொழியில் நெடுங்காலமாக வழங்கிவந்த பெயர் 'மாத்தா-மாத்தா' என்பதாகும். மாத்தா என்றால் கண். ஊரைக் கண்ணாக இருந்து பார்த்துக் கொள்பவர் என்று பொருள் கொள்ளலாம். தோட்டப்புறத்துப் பெரியவர்களும் இச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பெயர் கண்ணைக் குறித்தாலும், பாட்டாளி மக்களின் நினைவில் நின்றது என்னவோ அவர்களுடைய கைதான். அந்தக் கையில் தடி இருந்தது. சில வேளைகளில் துப்பாக்கியும் இருந்தது. அந்தக் கை எவ்வளவு தூரம் நீளலாம், எந்த இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதற்குரிய அளவுகோல் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. அது எப்படி மாறியது, யார் மாற்றினார்கள், இன்னும் மாறாமல் இருப்பது எது என்பதை இவ்வுரையில் பார்ப்போம்.

முதலில் லண்டன் மாநகருக்குப் போவோம். 1829ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 29ஆம் நாள், நீல உடை அணிந்த புதிய காவலர்கள் அந்நகரத் தெருக்களில் முதன்முறையாக நடந்தார்கள். உள்துறை அமைச்சராக இருந்த சர் ராபர்ட் பீல் என்பவர் உண்டாக்கிய படை அது. அதற்கு முன்னர் ஊரில் கலகம் என்றால் பட்டாளத்தைத்தான் கூப்பிடுவார்கள். 1819இல் மான்செஸ்டர் நகரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள் நடுவே குதிரைப்படை வாளோடு பாய்ந்ததில் பதினைந்துக்குக் குறையாத பேர் மாண்டார்கள். அந்தக் கசப்பு ஆறாதிருந்த காலத்தில், சம்பளம் வாங்கும் காவல்படை என்றாலே ஆங்கிலேயர்களுக்கு ஐயம். ஆகவே பீல் மிக எச்சரிக்கையாக நடந்தார். பட்டாளத்தின் சிவப்பு உடை வேண்டாம் என்று நீல உடை கொடுத்தார். சாதாரணக் காவலர் கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை. குறுந்தடி ஒன்றும், உதவிக்கு ஆள் கூப்பிடக் கிலுகிலுப்பை போன்ற கருவி ஒன்றும் கொடுத்தார். பீலின் கொள்கைகள் என்று இன்று போலீஸ் பயிற்சி நூல்களில் காணப்படும் ஒன்பது விதிகளை அவர் தம் கையால் எழுதவில்லை என்றும், பிற்காலத்தார் தொகுத்தவை என்றும் ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள். யார் எழுதினாலும் அவற்றின் சாரம் ஒன்றுதான்: போலீசாரும் பொதுமக்களே. சொல்லிப் பார்த்து, எச்சரித்துப் பார்த்து, அதற்கும் ஆகாதபோதுதான் பலத்தைப் பயன்படுத்த வேண்டும். அதுவும் தேவைக்கு மேற்படாமல் பயன்படுத்த வேண்டும்.

இந்த நல்ல விதி கப்பலேறி நம் பக்கம் வந்ததா? வரவில்லை. ஆங்கிலேயர் தம் சொந்த ஊருக்கு ஒரு போலீசும் ஆளப்படும் நாடுகளுக்கு வேறொரு போலீசும் வைத்திருந்தார்கள். அயர்லாந்தில் அவர்கள் அமைத்த படை துப்பாக்கி ஏந்தியது, பாசறையில் வாழ்ந்தது, மக்களோடு ஒட்டாதது. குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கும் அதுவே மாதிரியாயிற்று. நம் நாட்டுப் போலீஸ் படை தனது தோற்றத்தை 1807 மார்ச் 25ஆம் நாள் பினாங்குக்குக் கிடைத்த நீதிப் பட்டயத்திலிருந்து கணக்கிட்டு, அந்த நாளையே போலீஸ் தினமாகக் கொண்டாடுகிறது. ஆனால் அதன் குணத்தை அமைத்தது பிற்காலத்துப் பேராக் என்று சொல்வதே பொருந்தும். 1873இல் லாரூட் ஈயச் சுரங்கப் பகுதியில் நடந்த சண்டைகளை அடக்குவதற்காகக் கேப்டன் ஸ்பீடி என்பவர் பஞ்சாப் வரை சென்று நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களைத் திரட்டி வந்தார். பேராக்கின் ஆயுதப் போலீஸ் அதிலிருந்து வளர்ந்தது. 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களின் போலீஸ் படை ஒன்றாக்கப்பட்டது. ஊராரின் மொழி அறியாத, உறவு இல்லாத ஆள்தான் தயங்காமல் சுடுவான் என்பது அக்கால ஆட்சியாளரின் கணக்கு. கணக்குத் தப்பவில்லை.

அதை நம்மவர்கள் நேரிலேயே கண்டார்கள். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டவை என்ன? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழித்தல், பெண்களுக்கு இழைக்கும் தொல்லையை நிறுத்துதல் போன்றவையே. அதற்குக் கிடைத்த பதில் கைதும் நாடு கடத்தலும் துப்பாக்கிச் சூடும். அவ்வாண்டு மே மாதத்தில் தொழிலாளர் சிலர் குண்டுக்குப் பலியானார்கள். போருக்குப் பின் 1947இல் கெடா மாநிலத்துப் பீடோங், கூலிம் வட்டாரங்களிலும் தோட்டத் தொழிலாளர்மீது போலீஸ் பலம் பாய்ந்து உயிர்ச்சேதம் உண்டாயிற்று. அந்தத் தலைமுறைக்குப் போலீஸ் என்பது முதலாளியின் வேலிக்குக் காவல் நிற்கும் கூட்டம் என்று தோன்றியதில் வியப்பொன்றும் இல்லை.

1948இல் அவசரகாலம் பிறந்தது. காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களை எதிர்க்கப் போலீஸ் படை பல மடங்கு பெருகியது. 'எஸ்.சி.' என்று நம்மவர் அழைத்த சிறப்புக் காவலர்கள் தோட்டங்களுக்கும் வந்தார்கள். லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. அரிசி கடத்துகிறார்களா என்று பால்வெட்டுக்குப் போவோரையும் சோதித்தார்கள். அவசரம் அவசரமாகச் சேர்த்த ஆட்களுக்குப் பயிற்சியும் போதவில்லை, ஒழுங்கும் போதவில்லை.

இந்நிலையில்தான் 1952இல் ஆர்தர் யங் என்ற லண்டன் போலீஸ் அதிகாரி ஆணையராக வந்து சேர்ந்தார். போராட்டத்தின் நடுவிலேயே, பட்டாளம் செய்யும் வேலையைப் போலீஸ் செய்யக் கூடாது, போலீஸ் போலீசின் வேலையைச் செய்ய வேண்டும் என்று வாதாடியவர் இவர். அவ்வாண்டு இறுதியில் 'சேவை இயக்கம்' என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார். நிலையத்துக்கு வரும் ஏழையிடமும் மரியாதையாகப் பேச வேண்டும், வழி கேட்டவருக்கு வழி சொல்ல வேண்டும், முறையீட்டைப் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்பவையே அதன் கட்டளைகள். கேட்பதற்கு மிகச் சின்ன விஷயங்கள்தாம். ஆனால் பயந்துகொண்டே நிலையத்துப் படியேறிய மக்களுக்கு அவை சின்ன விஷயங்கள் அல்ல. இதே யங் பின்னர் 1954இல் கென்யாவுக்குப் போய், அங்கே போலீசாரின் கொடுமைகளை விசாரிக்க மேலிடம் ஒத்துழைக்காததைக் கண்டு சில மாதங்களிலேயே பதவியைத் துறந்தார். மனிதர் தாம் சொன்னதை நம்பியவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, துப்பாக்கியைப் பற்றிய சட்டத்துக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டிய பகுதி இது.

பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. பெருங்குற்றம் செய்தவன் தப்பி ஓடினால், அவனைப் பிடிக்க வேறு வழியில்லாதபோது சுட்டுக் கொல்லலாம் என்பது அது. இன்று கேட்டால் கொடுமையாகப் படுகிறது. ஆனால் அக்காலத்தில் அதற்கு ஒரு தருக்கம் இருந்தது. கொலை, வழிப்பறி, வீடு புகுந்து திருடுதல் ஆகிய எல்லாப் பெருங்குற்றத்துக்கும் அன்று தூக்குத் தண்டனைதான். எப்படியும் தூக்கில் தொங்கப் போகிறவன், ஓடும்போது குண்டில் விழுந்தால் என்ன என்று எண்ணினார்கள். பிற்பாடு தண்டனைகள் குறைந்தன. திருட்டுக்குத் தூக்கு என்பது ஒழிந்தது. விதி மட்டும் ஒழியவில்லை. காரணம் செத்த பிறகும் விதி உயிரோடிருந்தது.

அமெரிக்காவில் அது எவ்வளவு காலம் உயிரோடிருந்தது தெரியுமா? 1974 அக்டோபரில் மெம்பிஸ் நகரில் எட்வர்ட் கார்னர் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலியேறித் தப்ப முயன்றான். அவன் கையில் ஆயுதம் இருப்பதாகத் தமக்குத் தோன்றவில்லை என்று அந்தப் போலீஸ்காரரே பின்னர் சாட்சியம் சொன்னார். ஆயினும் சுட்டார். குண்டு தலையின் பின்புறத்தில் பாய்ந்தது. சிறுவன் எடுத்திருந்தது ஒரு பணப்பையும் பத்து டாலரும். அந்த மாநிலச் சட்டப்படி போலீஸ்காரர் செய்தது சரி. தந்தை வழக்காடினார். பதினோர் ஆண்டுகள் கழித்து, 1985 மார்ச்சில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது: ஓடுகிறவனால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேரும் என்று நம்பத் தக்க காரணம் இருந்தாலொழிய, ஓடுகிறான் என்பதற்காக மட்டும் அவனைக் கொல்லலாகாது.

நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இந்தியாவில் ஆங்கிலேயர் எழுதிய சட்டத்தின் வழிவந்தது. கைதுக்கு ஒருவன் இடங்கொடாவிட்டால் தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம் என்று அது முதலில் சொல்லுகிறது. உடனே ஒரு தடையும் போடுகிறது. மரண தண்டனையோ, அதற்கடுத்த மிக நீண்ட சிறைத் தண்டனையோ விதிக்கத் தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையை இப்பிரிவு யாருக்கும் தரவில்லை என்பதே அத்தடை. மோட்டார் சைக்கிள் திருடியவன் ஓடினால் துரத்திப் பிடிக்கலாம், கொல்ல முடியாது. இதை அமெரிக்க நீதிமன்றம் எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம் பக்கத்துச் சட்டப் புத்தகம் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நம் சட்டம் குற்றத்தின் பெயரைப் பார்க்கிறது. அமெரிக்கத் தீர்ப்பு அந்த நேரத்து ஆபத்தைப் பார்க்கிறது. 1990இல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாட்டு மாநாடு ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கோட்பாடுகளும் ஆபத்தையே அளவுகோலாக வைத்தன. தம்மைப் போலீஸ் என்று அறிவிக்க வேண்டும், சுடப்போவதாக எச்சரிக்க வேண்டும், எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிய நேரம் தர வேண்டும், உயிரைக் காப்பதற்கு வேறு வழியே இல்லாதபோதுதான் உயிரைப் பறிக்கும் நோக்கோடு சுடலாம் என்பவை அவை. குற்றத்தின் பெயரைப் பார்ப்பதைவிட ஆபத்தைப் பார்ப்பதே சரியான அளவுகோல் என்பது நம் கருத்து. கொலைக்குற்றம் சாட்டப்பட்டவனும் வெறுங்கையோடு முதுகைக் காட்டி ஓடக்கூடும் அல்லவா?

2010 ஏப்ரலில் ஷா ஆலம் நகரில் பின்னிரவு நேரத்தில் காரோட்டிச் சென்ற பதினான்கு வயது மலாய் மாணவன் ஒருவன் போலீஸ் குண்டுக்கு இரையானபோது, இந்தக் கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. சுட்ட காவலரைக் கீழ்நீதிமன்றம் தண்டித்தது. மேல் நீதிமன்றம் விடுவித்தது. தாயார் தொடுத்த சிவில் வழக்கில் இழப்பீடு கிடைத்தது. ஒரே குண்டு, மூன்று தீர்ப்பு. குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும், சிவில் வழக்கில் அவ்வளவு வேண்டியதில்லை என்பதால் இப்படி நேர்வதுண்டு.

வெட்டவெளியில் நடப்பதாவது நாலு பேர் கண்ணில் படும். லோக்காப்புக்குள் நடப்பதை யார் காண்பார்? நம் சமுதாயம் மறக்க முடியாத குகன் வழக்கு 2009 ஜனவரியில் நடந்தது. இருபத்திரண்டு வயது இளைஞர், கார்த் திருட்டுப் பற்றிய விசாரணைக்காகக் காவலில் வைக்கப்பட்டவர், நிலையத்திலேயே இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததுதான் காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் விடாமல் கேட்டு நடந்த இரண்டாவது பரிசோதனை, உடலெங்கும் இருந்த அடிகாயங்களை வரிசைப்படுத்தியது. ஒரு காவலர் தண்டிக்கப்பட்டார். 2013இல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்கு 800,000 ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. இரண்டாவது பரிசோதனையைக் கேட்டு வாங்கியிராவிட்டால் முதல் அறிக்கையோடு கோப்பு மூடப்பட்டிருக்கும் என்பதை நேயர்கள் மனத்தில் வைக்க வேண்டுகிறோம். காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்து மரண விசாரணை நடத்த வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 334ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. 2014 முதல் இதற்கென்றே மாநிலந்தோறும் மரண விசாரணை நீதிமன்றங்கள் இயங்குகின்றன.

இந்நிலைமைகளைச் சீராக்க 2004இல் அமைக்கப்பட்டதுதான் துன் முகமது சைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம். அது 2005இல் 125 பரிந்துரைகளைத் தந்தது. சம்பளம், குடியிருப்பு, வாகனம் என்று போலீசாரின் குறைகளையும் அது எடுத்துச் சொன்னது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. வசதியற்ற குடியிருப்பில் வாழ்ந்துகொண்டு இரவு பகலாக உழைக்கும் சாதாரணக் காவலரின் பிள்ளைகளும் நம் போன்றோரிடம்தான் படிக்கிறார்கள். பரிந்துரைகளில் சில 2007இல் சட்டமாயின. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று ஆனது. அடித்து வாங்கிய வாக்குமூலத்துக்கு விலை இல்லையென்றால் அடிப்பதற்கும் காரணம் குறையும் அல்லவா? ஆயினும் ஒளித்து வைத்த பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய சொல் மட்டும் சான்றுச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி இன்னமும் ஏற்கப்படுகிறது. அந்தச் சின்ன வாசல் திறந்தே இருக்கிறது.

போலீசாரின் தவறுகளை விசாரித்து ஒழுங்கு நடவடிக்கையும் எடுக்கவல்ல சுதந்திர ஆணையம் வேண்டும் என்பதே அந்த 125இல் தலையாயது. அதுதான் நிறைவேறவில்லை. 2009இல் இயற்றிய சட்டத்தின்படி பல அமலாக்கத் துறைகளுக்கும் பொதுவான ஆணையம் ஒன்று வந்தது. பின்னர் 2022இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2023 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்து, போலீசாருக்கென்று தனி ஆணையம் பிறந்தது. அது விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பரிந்துரை, போலீஸ் படை ஆணையத்துக்குத்தான் போகிறது. பதினெட்டு ஆண்டு காத்திருந்து கிடைத்தது அரைக் கிண்ணம்.

ஏன் இவ்வளவு தாமதம்? இங்கேதான் அரசியல் நுழைகிறது. குற்றம் பெருகிவிட்டது என்ற அச்சம் எழும்போதெல்லாம், போலீசின் கையைக் கட்டாதீர்கள் என்ற குரல் உரக்க ஒலிக்கும். 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டம் ஒன்று, வழக்கே இல்லாமல் ஈராண்டுக் காலம் ஒருவரைத் தடுத்து வைக்க இடம் தந்தது. சிம்பாங் ரெங்காம் என்ற ஊர்ப் பெயர் நம் இளைஞர் பலருக்கு அதனால்தான் தெரியும். 2011இல் அவசரகாலப் பிரகடனங்கள் நீக்கப்பட்டு, மறு ஆண்டு அச்சட்டம் காலாவதியாயிற்று. 2013இல் துப்பாக்கிக் கொலைகள் தொடர்ந்து நடந்தபோது, விடுதலையானவர்களே காரணம் என்று பேசப்பட்டது. அவ்வாண்டே 1959ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, வழக்கில்லாத் தடுப்புக்காவல் வேறு பெயரில் திரும்பி வந்தது. ஆதாரம் திரட்டி வழக்கை நிரூபிக்கும் வேலை கடினமானது. கையெழுத்திட்டு உள்ளே வைப்பது எளிது. எளிய வழி கையில் இருக்கும் வரை கடினமான வழியில் துப்பறியும் திறமை வளராது என்பதை அந்த அரச ஆணையமும் கவனித்திருந்தது.

அதே 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. ஏறத்தாழ 40,000 உறுப்பினர்; அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றார்கள். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏழு பேராக இருக்கும் சமுதாயத்துக்கு இது எத்தகைய கணக்கு! தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு மலிவு வீடுகளுக்கும் புறம்போக்கு நிலங்களுக்கும் போன குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைத் தோட்டப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம் பட்டியல் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. அந்தக் கும்பல்களால் முதலில் அடிபடுவதும் நம்மவர்களே. அதனால்தான் 'நாலு போடு போட்டால் திருந்துவான்' என்று பெற்றோரே சொல்லுகிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கணக்கு வெளியான பிறகு, கறுத்த நிறமும் கையில் பச்சையும் உள்ள பையன் எவனும் கும்பல்காரனாகப் பார்க்கப்படுகிறான். அவன் கும்பலில் இருக்கிறானா, பால் ஆலையில் இரவு வேலை முடிந்து வருகிறானா என்று நெற்றியில் எழுதியிருப்பதில்லை. 'நாலு போடு' யார் மேல் விழும் என்பதை அப்பெற்றோர் தீர்மானிக்கப் போவதில்லை.

பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு காலம் இருந்தது. பிரம்பு போனால் ஒழுங்கும் போய்விடும் என்று மூத்த ஆசிரியர்கள் சாதித்தார்கள். இன்று யார் எடுக்கலாம், யாருக்கு எடுக்கலாகாது என்றெல்லாம் விதி வந்துவிட்டது. அவர்களிற் சிலர் இன்னமும் சாதிக்கிறார்கள், அது போகட்டும்.

பெற்றோருக்கு உடனே பயன்படும் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். கைதானவரைக் கைதின் காரணத்தை உடனே அறிவிக்காமல் வைத்திருக்க முடியாது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை அரசியல் சட்டத்தின் 5ஆம் விதியில் உள்ளன. விசாரணை தொடங்குமுன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல இடம் தர வேண்டும் என்கிறது நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு. கூட்டாளி தப்பிவிடுவான், சான்று அழிந்துவிடும் என்பன போன்ற காரணம் இருந்தால் மட்டும் அதிகாரி மறுக்கலாம். ரிமாண்ட் காலத்துக்கும் 117ஆம் பிரிவு எல்லை வகுத்திருக்கிறது. பதினான்கு ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுடைய குற்றம் என்றால் மொத்தம் ஏழு நாள். அதற்கு மேற்பட்டது என்றால் பதினான்கு நாள். ஒரு மாவட்டத்தில் நாள் முடிந்ததும் வேறொரு மாவட்டத்தார் வந்து அதே பையனை மறுபடி கைது செய்து கொண்டுபோவதும் நடப்பதுண்டு. அப்போது தாயார் எந்த நிலையத்துக்குப் போவது என்று தெரியாமல் அலைகிறார்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். 2011இல் அமைக்கப்பட்ட தேசியச் சட்ட உதவி அறவாரியம், மலாயில் 'யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன்' என்பது, ஏழைக் குடிமக்களுக்காக ரிமாண்ட் விசாரணையிலேயே வழக்கறிஞரை அனுப்புகிறது. ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது, அடிபட்டிருந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டி அங்கேயே சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் அதைக் குறிப்பில் எழுதும்படி வழக்கறிஞர் கேட்பார். வெளியே வந்தவுடன் அரசாங்க மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவ அறிக்கை வாங்க வேண்டும். பிறகு போலீஸ் புகார் செய்து அதன் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அழைத்துப் போன நாள், மணி, வண்டி எண், அதிகாரியின் பெயர்ப் பட்டையில் கண்ட பெயர் ஆகியவற்றை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கும் குடும்பத்தின் முறையீட்டை எந்த ஆணையமும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.